இந்த ஒரு முறை மட்டும்

பாப்பாவுக்கு மசித்த வாழைப்பழம் ஊட்டிக்கொண்டிருந்தேன். ஊட்டினேன் என்பது பேச்சுக்குத்தான். பாதி அவள் கன்னத்தில், மீதி என் தலைமுடியில். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கை முழுக்கப் பிசுபிசுப்பு, விரல் நுனியால் தொட்டு எடுத்தேன்.

“உன் பழைய பாஸ்வேர்ட் என்ன?”

என் கணவர். பாப்பா என்ன செய்கிறாள், நீ சாப்பிட்டாயா, ஒன்றும் கிடையாது. காலையில் சட்டைக் காலர் மடங்கியிருக்கிறது என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போன மனிதர் இப்போது பாஸ்வேர்ட் கேட்கிறார்.

நானும் அவரும் ஒரே ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவர்கள். நான் முன்னால் சேர்ந்தவள், அவர் பின்னால் வந்தவர். சர்வர் அறைச் சாவி எந்த ஆணியில் தொங்கும், எந்த பேட்டரி எப்போது கத்தும் என்பதெல்லாம் நான் காட்டிக்கொடுத்தது. அப்போது நான் அவரை நீ என்றுதான் கூப்பிடுவேன், சில சமயம் டா கூட உண்டு. கல்யாணம் ஆனதும் அவர் வீட்டு மனிதர்கள் முன்னால் நீங்க என்று சொல்லிப் பழகி, அது அப்படியே நாக்கில் உட்கார்ந்துவிட்டது. பிறகு பாப்பா. விடுப்பு முடியப்போகிற சமயத்தில் ஒருநாள் மாலை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பிரிவில் இருக்கக் கூடாது என்று மேனேஜர் புது விதி போட்டுவிட்டாராம், உன்னை எடுக்க வழியில்லை என்கிறாராம், எவ்வளவோ பேசிப் பார்த்தேன் என்றார். நான் நம்பினேன். அந்த மேனேஜரை நான் திட்டாத திட்டில்லை. துணி துவைக்கும்போது திட்டினேன், பால் பொங்கி அடுப்பை நாசம் செய்யும்போதெல்லாம் திட்டினேன். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுததும் உண்டு. அதை நினைத்தால் இப்போது அந்தத் தண்ணீருக்காகத்தான் வருத்தமாக இருக்கிறது.

“எந்த பாஸ்வேர்ட்?” என்றேன்.

“லேப் சர்வர்ல. உன் பேரு காட்டிட்டு பாஸ்வேர்ட் கேக்குது. சீக்கிரம் சொல்லு, லேப் அக்கா தலைமேல ஏறி உக்காந்திருக்காங்க.”

கரண்டி அந்தரத்தில் நின்றது. பாப்பா வாயைத் திறந்து காத்திருந்தாள். லேப் சர்வரில் என் பெயர் வரக் கூடாது. விடுப்பில் போவதற்கு முன்னால் புது டிஸ்க் போட்டு, எல்லாவற்றையும் அதற்கு மாற்றி, என் பெயரை நானே எடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

“பின்னாடி என்ன படம் தெரியுது?”

“படமா? ஒரு பூனை.”

ஆஸ்பத்திரித் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் குடியிருந்த பூனை அது. ஒரு பக்க மீசை மட்டும் கறுப்பாக இருக்கும். அதைப் படம் எடுத்துத் திரையில் வைத்தவள் நான்தான். வைத்தது பழைய டிஸ்கில்.

“ரிப்போர்ட் ஏதாவது வெளிய போச்சா? முதல்ல அதச் சொல்லுங்க.”

“ஏன் இப்ப கத்தற? பாஸ்வேர்ட் கேட்டா பாஸ்வேர்டச் சொல்லேன்.”

“பழைய டிஸ்க்லேர்ந்து எழுந்திருக்கு. போன வருஷத்து ஆளுங்க பேருல ரிப்போர்ட் வரும். லேப் அக்காகிட்ட ஒரு காகிதம்கூட வெளிய விடாதீங்கன்னு சொல்லுங்க. ஓடுங்க!”

அவர் ஓடவில்லை. வாசல்வரை போய்க் குரல் கொடுத்தார் என்று நினைக்கிறேன். லேப் அக்காவின் குரல் அங்கிருந்தே எனக்குக் கேட்டது. “நான் எப்பவோ நிறுத்தியாச்சு தம்பி! வயசான மனுஷன் சர்க்கரை பாக்க வந்தாரு, அவருக்குக் கர்ப்பம்னு வருது. இதக்கூடப் பாக்காம குடுக்க நான் என்ன பொம்மையா?”

லேப் அக்கா வாழ்க.

நடந்தது இதுதான். எங்கள் லேபில் ரத்தக் குப்பிகளில் ஒட்டும் எண், ஒவ்வொரு வருடமும் ஒன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். அதனால் இன்று ஒருவருக்கு விழும் எண்ணில் போன வருடம் வேறொருவர் இருப்பார். புது டிஸ்கில் இந்த வருடத்து ஆள், பழைய டிஸ்கில் போன வருடத்து ஆள். சோதனை மெஷினுக்கு எண் மட்டும்தான் தெரியும், அது தன் பாட்டுக்கு முடிவை அனுப்பிவிடும். பழைய டிஸ்கை ஒரு பாதுகாப்புக்காக, சர்வரில் டிஸ்க் செருகும் முதல் பெட்டியிலேயே விட்டிருந்தேன். புதுசு ஒரு மாதம் ஒழுங்காக ஓடினதும் பழசைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள் என்று இவரிடம் சொன்னேன். ஒரு தடவையா, பிரசவத்துக்குப் போகும் வழியில் காரில்கூடச் சொன்னேன். சொல்லிவிட்டு வலியில் பல்லைக் கடித்தேன். இவர் தலையாட்டினார்.

“நேத்து என்ன பண்ணினீங்க அதுல?”

“ஒண்ணும் பண்ணல.”

“ஒண்ணும் பண்ணாம அதுவா எழுந்து பழைய டிஸ்க்குக்குப் போகாது.”

கொஞ்ச நேரம் மென்று விழுங்கினார். பிறகு வந்தது. நேற்று லேப் மூடியபிறகு ஃபர்ம்வேரைப் புதுப்பித்திருக்கிறார். மெஷின் கண் விழித்ததும் முதலில் ஓடுகிற சின்ன நிரல் அதுதான். எந்த டிஸ்கிலிருந்து எழ வேண்டும் என்ற வரிசையும் அதன் வசம்தான் இருக்கிறது. முடிகிற சமயத்தில் எல்லா அமைப்புகளையும் ஆதி நிலைக்குக் கொண்டுபோகவா என்று அது கேட்டிருக்கிறது. இவர் கேள்வியைப் படிக்காமல் என்டர் தட்டியிருக்கிறார். இவருக்கு எல்லாவற்றுக்கும் என்டர்தான். நான் வைத்திருந்த வரிசை போய்விட்டது. மெஷின் என்ன செய்யும் பாவம், முதல் பெட்டியில் எது இருக்கிறதோ அதிலிருந்து எழுந்துகொண்டது.

“சரி, நான் இங்கேர்ந்தே பாக்கறேன். அந்தத் தனிக் கேபிள் போட்டிருக்குல்ல?” சர்வர் எழாவிட்டாலும் அதன் திரையைத் தூரத்திலிருந்து பார்க்க, பின்பக்கம் ஒரு துளை உண்டு. அதற்காகக் கெஞ்சிக் கூத்தாடித் தனிக் கேபிள் இழுக்கவைத்தவள் நான்.

“அது… வெயிட்டிங் ஹால் டிவிக்குத் தேவைப்பட்டுது.”

பாப்பாவைத் தரையில் இறக்கிவிட்டேன். கையில் வைத்துக்கொண்டு இந்த மனிதரிடம் பேச முடியாது.

வீடியோவில் வரச் சொன்னேன். முதலில் கூரை தெரிந்தது, பிறகு அவருடைய மூக்குத் துவாரம், பிறகு ஒருவழியாக சர்வர் அறை. என் அறை. நான் போனபோது நிறம் பிரித்துக் கட்டி வைத்திருந்த கேபிள்கள் இப்போது அவிழ்த்துப் போட்ட ஷூ லேஸ் மாதிரி தொங்கின. ஏசியின் மேல் யாரோ டீ கப் வைத்திருந்தார்கள். யார் வைத்தது என்று கேட்க வந்தேன். அடக்கிக்கொண்டேன். சண்டை பிடிக்க வேண்டியது இப்போது டீ கப்புக்காக இல்லை.

“ரீஸ்டார்ட் பண்ணுங்க. ஸ்கிரீன்ல கம்பெனி லோகோ வரும். வந்த உடனே எஃப் பதினொண்ண அமுக்கணும். லோகோ போயிட்டா அமுக்கிப் பிரயோஜனம் இல்ல, மறுபடி முதல்லேர்ந்து.”

“தெரியும்.”

தெரியுமாம். வீட்டுக் கம்ப்யூட்டர் மாதிரி சர்வர் சட்டென்று எழுந்துவிடாது. உள்ளே இருக்கிற நினைவகம் முழுவதையும் தடவிப் பார்க்கும், ஒவ்வொரு விசிறியையும் அலறவிட்டுப் பார்க்கும், டிஸ்குகளை விசாரிக்கும். அதற்குள் ஒருவர் குளித்து உடை மாற்றிவிடலாம். அத்தனை நேரம் கறுப்புத் திரையில் காத்திருக்க வைத்துவிட்டு, லோகோவை மட்டும் கண்மூடித் திறப்பதற்குள் காட்டிவிட்டுப் போய்விடும். பக்கத்தில் இருப்பவர் வேறு எங்கும் பார்க்கக் கூடாது. நான் அந்தத் திரைமுன் உட்கார்ந்தால் தும்மலைக்கூட அடக்கிக்கொள்வேன்.

இவர் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் போன் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் லேப் அக்கா வந்து நின்றார். பெஞ்சு முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், மாடியிலிருந்து டாக்டர் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார், நான் என்ன பதில் சொல்ல என்றார். இவர் திரும்பினார். போனும் சேர்ந்து திரும்பியது. லேப் அக்காவின் வெள்ளைக் கோட்டும் அதன் பித்தானும் தெரிந்தன.

“திரும்புங்க! லோகோ!”

திரும்பியபோது லோகோ போயிருந்தது. திரையில் பூனை வந்து உட்கார்ந்தது.

“நீ கத்தினதுலதான் கை தடுமாறிடுச்சு.”

பதில் சொல்ல வாயெடுத்தேன். பாப்பா என் காலைப் பிடித்துக்கொண்டு எழ முயன்றாள். அவளைத் தூக்கிக்கொண்டு, “மறுபடி ரீஸ்டார்ட்” என்று மட்டும் சொன்னேன். மறுபடி கறுப்புத் திரை, மறுபடி விசிறிகளின் அலறல். இவர் போனைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். இப்போது எனக்குத் தெரிந்தது திரையின் ஒரு மூலையும் அவருடைய பெல்ட்டும்தான்.

அப்போதுதான் மேனேஜர் உள்ளே வந்தார். முகம் தெரியவில்லை. அந்த இருமலை எங்கே கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

“என்ன தம்பி, ஆச்சா? யாரு போன்ல, கம்பெனிக்காரனா?”

“இல்ல சார். ஃப்ரெண்டு. தெரிஞ்ச பையன்.”

தெரிந்த பையன்! நான் தலைமுடியில் வாழைப்பழத்தோடு நிற்கிறேன். இடுப்பில் அவர் பெண்ணையே வைத்துக்கொண்டு நிற்கிறேன். தெரிந்த பையன். என் பேரைச் சொன்னால் வாய் வெந்துவிடுமா என்று கேட்டிருப்பேன். அதற்குள் மேனேஜர் மறுபடி இருமினார்.

“உங்க வீட்டம்மா இருந்தவரைக்கும் இந்தக் கூத்து ஒண்ணு நடந்ததில்ல தம்பி. லீவு முடிஞ்சதும் வரச் சொல்லுங்கன்னு உங்ககிட்ட எத்தனை தடவை சொன்னேன். கொழந்தையோட இருக்கணும், வேலையே வேணாம்னுட்டாங்கன்னா நாம என்ன பண்றது. அவங்க இஷ்டம். ஆனா அந்தப் பொண்ணு மாதிரி ஒருத்தர் கெடைக்கறது கஷ்டம்.”

அவருடைய பெல்ட் அசையவில்லை. கறுப்புத் திரையின் மூலையில் நினைவகக் கணக்கு ஏறிக்கொண்டிருந்தது. மேனேஜர் இன்னொரு தடவை இருமிவிட்டு வெளியே போனார். கதவு சாத்தும் சத்தம்.

இனிமேல் அவன் என்றே எழுதுகிறேன். அவர் என்று எழுதக் கை வரவில்லை.

“என்ன சொன்னே நீ அவர்கிட்ட?”

“போன ஸ்பீக்கர்ல போட்டுட்டேனா? இரு, ஆஃப் பண்றேன்.”

“ஆஃப் பண்ணினா அப்புறம் இந்தப் பக்கம் உனக்கு வீடு கெடையாது. என்ன சொன்னே?”

போனை எடுத்தான். முகம் தெரிந்தது. நெற்றியில் வியர்வை. ஏசிக் குளிரில் வியர்வை.

“நீ அப்ப எப்படி இருந்தேன்னு உனக்கு ஞாபகம் இருக்கா? தூக்கம் இல்ல, சாப்பாடு இல்ல, சும்மா சும்மா அழுவே. நான் உன்ன நெனச்சுத்தான்…”

“அழுதா தண்ணி குடுக்கணும். தூங்கலன்னா கொழந்தைய வாங்கிக்கணும். என் வேலைய எடுத்து யாருக்கும் தெரியாம தூக்கிப் போடுன்னு யாரு சொன்னா? புது விதியாம்! ஒரு விதிய நீயே உக்காந்து எழுதியிருக்கே. நான் அந்த மனுஷன தெனம் சபிச்சுட்டு இருந்தேன். நீ எதுத்தாப்ல உக்காந்து நான் சபிக்கறதக் கேட்டுக்கிட்டே சாப்பிட்டே!”

“மெதுவாப் பேசு, பாப்பா பயந்துடப்போறா.”

பாப்பா பயப்படவில்லை. அப்பாவின் முகத்தைப் போனில் பார்த்துக் கையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏன்?” என்றேன். “அத மட்டும் சொல்லு. எனக்காகன்னு மட்டும் சொல்லாதே.”

விசிறிகள் ஒருமுறை உச்சத்துக்குப் போய் அடங்கின. பேசியபோது குரல் கீழே போயிருந்தது.

“நீ இங்க இருந்தா எல்லாரும் உன்கிட்டதான் வருவாங்க. நான் பக்கத்துல நிப்பேன். என்னத் தாண்டி உன்கிட்ட வந்து கேப்பாங்க. நீ லீவுல போனப்புறம்தான் ஒருத்தர் ரெண்டு பேருக்கு என் பேரே தெரியும்.”

முதன்முதலாக அவன் உண்மை சொன்னான் என்று புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை, அதிகமானது. இதைச் சொல்லியிருந்தால் நான் உட்கார்ந்து கேட்டிருப்பேன். ஒரு பிரிவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம், நெட்வொர்க் உனக்கு, சர்வர் எனக்கு என்று பேசியிருக்கலாம். அதற்கு மனசு வரவில்லை. பொய்க்கு மட்டும் மனசு வந்திருக்கிறது. அந்தப் பொய்யையும் மேனேஜரிடம் ஒன்று, என்னிடம் ஒன்று என்று அளவெடுத்துத் தைத்திருக்கிறான்.

போனை வைத்துவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. வைத்துவிட்டால் போதும். இவன் லோகோவைத் தவறவிட்டுக்கொண்டே இருப்பான், பூனை வந்துகொண்டே இருக்கும், சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். ஆனால் பெஞ்சில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பார்கள். எனக்குக் கோபம் இவன்மேல். அவர்கள் என்ன செய்தார்கள்?

“போன திரைக்கு நேரா வை. விரல எஃப் பதினொண்ணு மேல வை. எடுக்காதே.”

வைத்தான். திரை ஒருமுறை இமைத்தது.

“இப்ப. அமுக்கு. அமுக்கிக்கிட்டே இரு!”

நீல மெனு வந்தது. வந்ததும் இவன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. எழுவதற்கான வழிகள் வரிசையாக நின்றன. நெட்வொர்க் ஒன்று, பென் டிரைவ் ஒன்று, டிஸ்க் இரண்டு. இரண்டு டிஸ்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், வரிகள் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தன. கடைசியில் இருக்கும் பெட்டி எண்தான் வித்தியாசம். இவன் இரண்டு டிஸ்கில் மேலே இருந்ததில் நின்றான். என்டர் மேல் விரல் போய்விட்டது.

“தொடாதே! அது பழசு. கீழ வா. ஒரே ஒண்ணு கீழ. கடைசி எழுத்தப் படி.”

“பெட்டி ரெண்டு.”

“அதான். இப்ப என்டர்.”

மறுபடி காத்திருப்பு. பிறகு என் பெயர் இல்லாத, பூனை இல்லாத, சாம்பல் நிற வெறும் திரை வந்தது. அதைப் பார்த்து நான் இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று எதிர்பார்க்கவில்லை. வாசலிலிருந்து லேப் அக்காவின் குரல் கேட்டது. இந்த வருடத்து ஆட்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள், சர்க்கரைப் பெரியவர் ஆண்பிள்ளையாகிவிட்டார், காலையில் தவறாகப் போட்டதையெல்லாம் மறுபடி போட்டுக்கொள்கிறேன் என்றார்.

“அப்பாடா,” என்றான். “சரி, நான் வைக்கறேன். சாயங்காலம் வந்து பேசிக்கலாம். நான் எல்லாம் வெளக்கமாச் சொல்றேன்.”

“அது இந்த ஒரு முறை மட்டும்.”

“எது?”

“நீ இப்ப அமுக்கினது. எஃப் பதினொண்ணு இந்த ஒரு முறைக்குத்தான் வழி காட்டும். வரிசை உள்ள அப்படியேதான் இருக்கு. அடுத்த தடவை கரண்டு போய் வந்தாலோ, யாராவது கால் இடறி ஒயரை இழுத்தாலோ, மறுபடி பழைய டிஸ்க்தான். லேப் அக்கா லீவுல இருக்கற நாளா அது அமைஞ்சா, கர்ப்பம்னு எழுதின காகிதத்த அந்தப் பெரியவர் வீட்டுக்கு எடுத்துட்டுப் போவார்.”

“அப்ப நிரந்தரமா எப்படி மாத்தறதுன்னு சொல்லு. இப்பவே பண்ணிடறேன்.”

சொல்லலாம். நாலு வாக்கியம். எஃப் இரண்டு, பூட் வரிசை, கூட்டல் பொத்தானால் மேலே நகர்த்து, சேமி. இவனுக்கே அரைகுறையாகத் தெரியும், தைரியம் இல்லாததால் கேட்கிறான். அந்த நாலு வாக்கியமும் என் நாக்கு நுனியில் நின்றன. இத்தனை நாளாக நான் இப்படித்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ராத்திரிச் சாப்பாட்டில் கேட்பான், இன்னிக்கு ஒரு பிரச்சனை, சும்மா தெரிஞ்சுக்கக் கேக்கறேன், நீயா இருந்தா என்ன பண்ணுவே என்று. நான் பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு உற்சாகமாக விளக்குவேன். என்னை மதித்துக் கேட்கிறானே என்று ஒரு பூரிப்பு வேறு. மறுநாள் அதுதான் ஆபீசில் இவன் பெயரில் போயிருக்கும். அத்தனை சாப்பாட்டுத் தட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன.

“சொல்ல மாட்டேன். நான் வரேன்.”

“நீயா? பாப்பா?”

“பாப்பாவும்தான்.”

“வேண்டாம், இங்க ஒரு மாதிரியா ஆயிடும். சொன்னாக் கேளு.”

நான் வைத்துவிட்டேன். பிறகு மேனேஜரின் எண்ணைத் தேடினேன். அழிக்காமல்தான் வைத்திருந்தேன், ‘விதிக்காரர்’ என்று பெயர் மாற்றி. இரண்டாவது மணியில் எடுத்தார்.

“சார், நான்தான் பேசறேன். காலைலேர்ந்து போன்ல இருந்த தெரிஞ்ச பையன்.”

அவருக்குப் புரியவில்லை. புரியும்படி சொன்னேன். வேலை வேண்டாம் என்று நான் எப்போதும் யாரிடமும் சொன்னதில்லை என்றேன். உங்களுக்கு என் நம்பர் தெரியும்தானே சார், ஒரு போன் பண்ணி என்னிடமே கேட்டிருக்கலாமே என்றேன். அவர் இருமினார். இந்த முறை இருமல் வந்து இருமியதாகத் தெரியவில்லை.

“அவரு சொன்னா நீங்க சொன்ன மாதிரிதானேம்மா.”

நான் இத்தனை மாதம் வைதது தவறான ஆளை என்று கொஞ்சம் முன்னால்தான் இரக்கப்பட்டிருந்தேன். அந்த இரக்கத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். “மதியம் லேப் ஓய்வா இருக்கும்போது சர்வர ஒரு தடவ நிறுத்தணும் சார். நான் வந்து பண்றேன். நீங்களும் இருங்க” என்று மட்டும் சொன்னேன்.

தலை அலசினேன். பாப்பாவுக்கு உடை மாற்றினேன். என் பழைய ஆபீஸ் பை அலமாரிக்கு மேலே இருந்தது, உள்ளே கேபிள் கட்டும் பட்டைகளும் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரும் அப்படியே கிடந்தன. பட்டைகளுக்கு மேல் ஒரு பால் பாட்டிலைத் திணித்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாப்பா கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு வந்தாள். நான் வாய்க்குள் பேசிக்கொண்டே வந்திருக்கிறேன் போலிருக்கிறது, எதிர் சீட்டு அம்மாள் என்னையே பார்த்தார். பார்க்கட்டும்.

சர்வர் அறைக்குள் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். மேனேஜர் கதவருகே நின்றார். அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். நான் யாரையும் பார்க்காமல் ஏசியின் மேல் இருந்த டீ கப்பை எடுத்து வெளியே வைத்தேன். பாப்பாவை அவன் கையில் கொடுத்தேன். அவன் வாங்கிக்கொண்டான், வேறு வழியில்லை. நாற்காலி அவன் உயரத்துக்கு ஏற்றியிருந்தது. அதை என் அளவுக்கு இறக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

லேப் அக்கா தயார் என்று சொன்னதும் சர்வரை நிறுத்தி மறுபடி எழுப்பினேன். கறுப்புத் திரை. விசிறிகள் அலறின. இந்தச் சத்தம் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று இவர்களில் யாருக்கும் தெரியாது. லோகோ வந்தது. எஃப் இரண்டு. உள்ளே போனேன். பூட் வரிசையில் பெட்டி ஒன்று தலைவர் மாதிரி மேலே உட்கார்ந்திருந்தது. பெட்டி இரண்டை மேலே ஏற்றினேன். பழையதன் பக்கத்தில் இருந்த குறியை எடுத்துவிட்டேன், இனி அது கண்ணிலேயே படாது. வெளியேறும் பொத்தானை அழுத்தியதும் திரை நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. மாற்றங்களைச் சேமிக்கவா? ஆம். இல்லை.

“நல்லதும்மா,” என்றார் மேனேஜர் பின்னாலிருந்து. “நாளைக்கே வந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனா கொழந்தைய யாரு பாத்துப்பா? அதையும் யோசிக்கணுமில்ல?”

கேள்வி என் முதுகைப் பார்த்துக் கேட்கப்பட்டது. அவன் பக்கம் போகவே இல்லை. அவன் கையில்தான் குழந்தை இருந்தது.

நான் ஒரு கையைக் கீபோர்டிலேயே விட்டு, நாற்காலியைப் பாதி சுழற்றி அவனைப் பார்த்துத் திரும்பினேன். “அவரக் கேளுங்க சார்,” என்றேன். “என் சார்பா பதில் சொல்ற பழக்கம் அவருக்குத்தான் இருக்கு. இத அவர் சார்பாவே சொல்லட்டும்.”

மேனேஜர் அவனைப் பார்த்தார். அவன் என்னைப் பார்த்தான், பிறகு தரையை. வெளியே லேப் அக்கா கதவைத் தட்டி, “இன்னும் எவ்ளோ நேரம்மா?” என்றார்.

“சொல்றேங்க்கா,” என்றேன். கண்ணை அவனிடமிருந்து எடுக்கவில்லை.

லோகோவுக்கு அவசரம் உண்டு, வந்த வேகத்தில் போய்விடும். இந்தச் சின்னப் பெட்டிக்கு அப்படி ஒன்றும் கிடையாது. யாராவது ஆம் என்றோ இல்லை என்றோ அழுத்தும்வரை அது நின்றுகொண்டே இருக்கும். என் விரல் என்டர் மேல் இருந்தது. பாப்பா அவன் கழுத்தில் தொங்கிய ஆபீஸ் அட்டையை எட்டிப் பிடித்து, அவன் போட்டோ இருக்கும் பக்கத்தை வாயில் வைத்து, புதிதாக முளைத்த பல்லால் நிதானமாகக் கடிக்கத் தொடங்கினாள்.